நான்காவது தெரிவு

அட்டவணையில் நான்கு நிரல்கள்.
தூண்களில் ஏறிச் சதுப்பைத் தாண்டும் புறவழி முதலாவது.
இருக்கிற வீதியிலேயே பஸ்ஸுக்கென ஓர் ஒழுங்கை இரண்டாவது.
ரயில் பாதையை இரட்டிப்பது மூன்றாவது.
நான்காவது எப்போதும் இருக்கும்:
ஒன்றும் செய்யாதிருத்தல்.
அதற்கும் செலவு போடவேண்டும்.

போடுவது நான்.
நாவலையில் மூன்றாம் மாடி,
ஜன்னலுக்குக் கீழே கால்வாய்,
கரையில் வெயில் காயும் கபரகொய்யா ஒன்று.
அதன் பெயர் எந்த நிரலிலும் இல்லை.

மணித்தியாலத்துக்கு விலை உண்டு.
காரில் இருப்பவரின் மணித்தியாலம் ஒரு விலை.
பஸ்ஸில் நிற்பவரின் மணித்தியாலம்
அதில் மூன்றிலொன்று.
எங்கள் கைநூலின் பின்னிணைப்பில் இருக்கிறது,
யாரும் ஒளித்துவைக்கவில்லை.
ஹெட்டியாவத்தையிலிருந்து நூற்றெழுபத்தாறில்
யாரோ ஒருவரின் குடைக்கம்பி விலாவில் குத்த
வந்திறங்கிய நான்
என் காலையை மூன்றால் வகுத்து
உரிய கட்டத்தில் இட்டேன்.
புறவழி இலாபம் காட்டியது.
'ஹரி, ஹரி' என்றார் பணிப்பாளர்.

பிறகு சதுப்போரம் அளக்கப் போனோம்.
சுவர்களில் சிவப்பு மையால் இலக்கங்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு:
மஸாஹிரா, இடியப்பம் விற்பவர்.
உறுதி இல்லை, ஆகவே நிலத்துக்கு விலையில்லை.
தகரத்துக்கு உண்டு. குழாய்க்கு, மீற்றருக்கு உண்டு.
விடிய நாலு மணிக்கு அவர் மூட்டும் அடுப்பு
'வாழ்வாதாரம், ஏனையவை.'

'பதினோராம் மாடியில வீடு தருவாங்களாம்.
லிஃப்ட் நிண்டா
இடியப்பம் எடுக்க யாரு ஏறி வார?'
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்: லிஃப்ட்.

'ரோடு வேணாமெண்டு நான் சொல்லல்ல.
என்ட மகன் த்ரீவீல் ஓடுறான்,
ஒருகொடவத்தையில நிண்டு நிண்டு
புகையத்தான் தின்னுறான்.
அவனுக்காவது உதவட்டும்.'

புறவழியில் த்ரீவீலுக்கு அனுமதியில்லை.
நான் சொல்லவில்லை.
தேநீர் தந்தார், குடித்தேன்.
மே மாத வெள்ளம் நின்ற மட்டம்
அவர் அலுமாரியில் பழுப்புக் கோடாக இருந்தது.
களனி பெருகினால் அந்தச் சதுப்புத்தான் முதலில் குடிக்கும்,
அது நிரம்பிய பிறகுதான் அலுமாரி.
தூண் நட மண் கொட்டினால்
அந்தக் கோடு எவ்வளவு ஏறும் என்று
என்னோடு வந்த பொறியியலாளரைக் கேட்டேன்.
'அது வேறு அறிக்கை' என்றார்.

திரும்புகையில் ராஜகிரியவில் பஸ் நின்றது.
சாரதி இயந்திரத்தை அணைத்துவிட்டார்.
வேலையில்லாத கண் எண்ணத் தொடங்கியது:
அறுபத்து மூன்று பேர்.
என் அட்டவணைப்படி இருபத்தொரு பேர்.
பக்கத்தில் ஒரு கார்,
அதற்குள் குளிரில்
முழுதாக ஒருவர்.

இரவு, எல்லோருக்கும் ஒரே விலை போட்டேன்.
சதுப்பை நிலமாக அல்ல,
அதே அளவு தண்ணீரைத் தேக்கும் குளமொன்றைக்
கட்டும் செலவாகப் போட்டேன்.
புறவழி கவிழ்ந்தது.
பஸ் ஒழுங்கை மேலே வந்தது.
ரயில் அப்போதும் தேறவில்லை,
எனக்கு ரயில்தான் விருப்பம், என்ன செய்ய.
பஸ் ஒழுங்கைக்காகக் கடைமுகப்பு இழக்கும்
பொரளைக்காரர் பதினாறு பேருக்கும்
இனி இலக்கம் எழுதவேண்டும்,
அதே சிவப்பு மையால்.
சுத்தமான விடை எங்கும் இல்லை.

கோப்புக்கு 'இறுதி எட்டு' என்று பெயர் வைத்தேன்.
அனுப்பாமல் படுத்தால்
நானும் நான்காவது தெரிவு.
பன்னிரண்டரைக்கு அனுப்பினேன்.

காலையில் பணிப்பாளரின் பதில்,
ஒரே சொல்: ஏன்?

எழுதத் தொடங்கினேன்,
நூற்றெழுபத்தாறில்,
மேல்கம்பியை ஒரு கையால் பிடித்தபடி,
மற்றக் கையின்
பெருவிரலால்.